ஆயிரம் குதிரை, சரி... எந்தத் தராசுல எடை போட்டீங்க?

டர்போ காரை நோண்டி சக்தி ஏத்துற கூட்டம் ஜப்பான்ல இருக்கு, அமெரிக்காவுல இருக்கு, ஆஸ்திரேலியாவுல இருக்கு. ஊர் வேற, மொழி வேற, கார் வேற. ஆனா இந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் சந்திச்சா முதல் கேள்வி மட்டும் ஒண்ணுதான்: "உன் வண்டி எத்தனை குதிரை?" பதிலும் ஒரே மாதிரிதான் வரும். 500. 700. 1000. எல்லாமே கைக்கு அடக்கமான முழு எண்கள் :-) கூடவே, டைனோவுல ஓட்டி எடுத்த ஒரு காகிதம். அதுல மலை மாதிரி ஒரு கோடு, மலை உச்சியில ஒரு எண். அந்த எண்ணுக்காக சொத்தை விக்கிறவங்க உண்டு, அந்த எண்ணால எஞ்சினைக் குப்பையில போட்டவங்களும் உண்டு.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். எப்படி அளந்தோம்னு சொல்லாத குதிரைத்திறன் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அதுவும் டர்போ காருக்கு, அந்த எண் காரைப் பத்திச் சொல்றதை விட அளந்தவரைப் பத்திதான் அதிகமா சொல்லுது. "சும்மா ஜாலிக்குத்தானே, விடுப்பா"ன்னு நீங்க சொல்லலாம். விட முடியாதுங்கிறதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை.

குதிரை எங்கேர்ந்து வந்துச்சு?

ஜேம்ஸ் வாட் தன்னோட நீராவி எஞ்சினை விக்கிறதுக்காகக் குதிரையோட ஒப்பிட்டார். ஒரு நிமிஷத்துல 33,000 பவுண்ட் எடையை ஒரு அடி தூக்கினா ஒரு குதிரைத்திறன். இன்னைக்குக் கணக்குல 745.7 வாட். ஐரோப்பாவும் ஜப்பானும் பயன்படுத்துற மெட்ரிக் குதிரை கொஞ்சம் நோஞ்சான், 735.5 வாட்தான். ஆக ஜப்பான் காரோட 280 குதிரை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினா 276 ஆயிடும். வழியில நாலு குதிரை கடல்ல விழுந்துடுச்சா? இல்லை, தராசு மாறிடுச்சு. கூத்து இங்கேயே ஆரம்பிச்சாச்சு.

பொறியியல் படிச்சவங்களுக்கு அந்த லேப் ஞாபகம் இருக்கும். ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், அதோட சக்கரத்தைச் சுத்தி ஒரு கயிறு, ஒரு பக்கம் எடைக்கல், இன்னொரு பக்கம் ஸ்பிரிங் தராசு. கயிறு சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தப் பார்க்கும், எஞ்சின் சுத்தப் பார்க்கும். அந்த இழுபறியை வெச்சு டார்க்கைக் கணக்குப் போடுவோம். 'பிரேக் ஹார்ஸ்பவர்'ல பிரேக்ங்கிற வார்த்தை வந்தது இப்படித்தான். பிரெஞ்சுக்காரர் ப்ரோனி 1821-ல செஞ்ச பிரேக்கோட வாரிசுதான் அந்தக் கயிறு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம்: குதிரைத்திறனை யாரும் நேரடியா அளக்கறதில்லை. அளக்கறது டார்க்கும் வேகமும். அதைப் பெருக்கி வர்றதுதான் குதிரை. பவுண்ட்-அடி கணக்குல டார்க்கை ஆர்.பி.எம்.மால பெருக்கி 5252-ஆல வகுத்தா குதிரைத்திறன். பெருக்கல்ங்கிறதால, உள்ளே போற எந்தப் பிழையும் கூடவே பெருகி வெளியே வரும். எந்த இடத்துல அளந்தோம், எந்த வெப்பத்துல அளந்தோம், எதால திருத்தினோம், எல்லாமே அந்த ஒத்தை எண்ணுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

பெரிய கம்பெனிகளே அடிச்ச கூத்து

ஏதோ மூலையில இருக்கிற ஷெட்டுக்காரர்தான் எண்ணை வளைக்கிறார்னு நினைச்சுடாதீங்க. செவர்லே கார்வெட்ல 454 கன அங்குல எல்.எஸ்.5 எஞ்சின் 1971-ல 365 குதிரை. 1972-ல 270 குதிரை. ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட நூறு குதிரை செத்துப் போச்சா? கிட்டத்தட்ட அதே எஞ்சின்தான். 1971 வரைக்கும் பெருசா விளம்பரம் பண்ணது 'கிராஸ்' கணக்கு. ஏர் ஃபில்டர் இல்லாம, கார்ல வர்ற சைலன்ஸர் இல்லாம, எஞ்சினை மட்டும் தனியா மேடையில வெச்சு ஓட்டி எடுத்த எண். 1972-ல 'நெட்' கணக்கு வந்துச்சு. கார்ல எப்படி இருக்குமோ அப்படியே எல்லாத்தையும் மாட்டி அளக்கறது. காரை யாரும் தொடவே இல்லை. மாறினது அளவுகோல் மட்டும்.

ஜப்பான்காரங்க இதுக்கு நேர் எதிர். அங்கே 1980-களோட கடைசியில சாலை விபத்துல சாகறவங்க எண்ணிக்கை வருஷத்துக்கு பத்தாயிரத்தைத் தாண்டிச்சு. அரசாங்கம் சட்டம் போடறதுக்கு முன்னாடி, கார் கம்பெனிகள் தாங்களே ஒரு பேச்சு வெச்சுக்கிட்டாங்க: 280 குதிரைக்கு மேல எந்தக் காரும் விளம்பரம் பண்ணக்கூடாது. 1989-லேர்ந்து 2004 வரைக்கும் இது நடந்துச்சு. 2004-ல ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைன்னு வந்து கதையை முடிச்சு வெச்சது.

இந்தக் காலத்துல நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். மூணு தலைமுறை பார்த்துடுச்சு. 1989-ல வந்த ஆர்32-க்கு 280 குதிரை, 353 நியூட்டன்-மீட்டர் டார்க். 1999-ல வந்த ஆர்34-க்கு டார்க் 392. குதிரை? அதே 280, அதே 6800 ஆர்.பி.எம்.ல! பத்து வருஷ ஆராய்ச்சி, டர்போ மாறிடுச்சு, டார்க் ஏறிடுச்சு, ஆனா குதிரை மட்டும் கட்டின இடத்துலேயே நின்னு புல்லு மேயுது. அந்தக் காகிதத்தை நம்பினவங்க யாரும் கிடையாது. கம்பெனிக்கும் தெரியும், வாங்கறவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்.

ஆனா எல்லாப் பொய்யும் இப்படி இனிப்பா முடியறதில்லை. 1999-ல ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைன்னு விளம்பரம் பண்ணாங்க. வாங்கினவங்க டைனோவுல ஏத்திப் பார்த்தா கணக்கு இடிக்குது. சத்தம் பெருசாகி, ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வித்த கார்களைத் திரும்பக் கூப்பிட்டு, இன்டேக், எக்ஸாஸ்ட் பகுதிகளை மாத்திக் கொடுத்தது. டைனோங்கிற சாதனத்து மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு காட்டத்தான் இதைச் சொல்றேன். ஒழுங்கா பயன்படுத்தினா, சாமானியன் ஒருத்தன் உலகப் பெரிய கம்பெனியை நிறுத்திக் கேள்வி கேட்க உதவுற கருவி அது. அதை சவடால் காகிதம் அடிக்கிற மெஷினா மாத்தினதுதான் என் வருத்தம்.

ஒரே கார், நாலு எண்

இப்ப ஷெட்டுக்குள்ள போவோம். டைனோவுல ரெண்டு பெரிய ஜாதி. ஒண்ணு, கனமான உருளையைக் காரோட சக்கரம் சுத்த வைக்கும். உருளையோட எடை தெரியும், எவ்வளவு வேகமா வேகம் பிடிக்குதுன்னு பார்த்து சக்தியைக் கணக்குப் போடும். அமெரிக்காவுல டைனோஜெட் இந்த வகையில பேர் போனது. இன்னொண்ணு, உருளையைக் காந்த விசையால பிரேக் பிடிச்சு, எஞ்சினை வேணுங்கிற வேகத்துல நிறுத்தி வெச்சு அளக்கும். மஸ்டாங்னே ஒரு கம்பெனி (காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை), ஆஸ்திரேலியாவோட டைனோ டைனமிக்ஸ் எல்லாம் இந்த ரகம். சக்கரத்தையே கழட்டிட்டு அச்சுல நேரா மாட்டற வகையும் உண்டு.

ஒரே காரை இந்த வகை ஒவ்வொண்ணுலயும் ஏத்தினா ஒவ்வொரு எண் வரும். பொதுவா பிரேக் பிடிக்கிற ரகம் குறைச்சலா காட்டும், அதனால அதுக்கு 'இதயத்தை உடைக்கிற மெஷின்'னு செல்லப் பேரே உண்டு :-) டர்போ காருக்கு இன்னொரு சிக்கல். டர்போ சுத்தி வேகம் பிடிக்க நேரமும் சுமையும் வேணும். உருளை லேசா சுத்திட்டா, பூஸ்ட் முழுசா வர்றதுக்குள்ள எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போயிடும். நாலாவது கியர்ல ஓட்டினா ஒரு எண், மூணாவதுல ஓட்டினா வேற எண். டயர்ல காத்து எவ்வளவு, பட்டையை எவ்வளவு இறுக்கினாங்க, டயர் வழுக்குச்சா, எல்லாமே எண்ணைத் தொடும்.

அடுத்தது, சக்கரமா கிராங்க்கா? டைனோ அளக்கறது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தியை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் வழியில கமிஷன் எடுத்த பிறகு மிச்சம். இதுலேர்ந்து எஞ்சின் எண்ணுக்குப் போக, நம்ம ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டு 15 சதவீதம் கூட்டுவாங்க. சக்கரத்துல 300 வந்தா 0.85-ஆல வகுத்து 353. சரி, வெச்சுக்கலாம். அதே காரை நோண்டி சக்கரத்துல 900 வருது. 0.85-ஆல வகுத்தா 1059. ஆஹா, ஆயிரம் தாண்டியாச்சு, பார்ட்டி வைப்பா!

கொஞ்சம் நில்லுங்க. முதல் கணக்குல கியர்பாக்ஸ் கமிஷன் 53 குதிரை. இப்ப அதே கியர்பாக்ஸ், அதே ஆயில், அதே ஆர்.பி.எம். ஆனா கமிஷன் 159 குதிரையா? அது 118 கிலோவாட் சூடு. 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 59-ஐ ஒரே நேரத்துல கியர்பாக்ஸுக்குள்ள போட்ட மாதிரி. இழப்புல ஒரு பகுதி சுமையோட சேர்ந்து ஏறும், இன்னொரு பகுதி ஏறாது. அதனால இந்த 15 சதவீதம் அளந்து வந்த எண் இல்லை, ஆசையில வந்த எண். அளந்தது 900-னா 900-ன்னு சொல்லுங்க. அது என்ன குறைஞ்ச எண்ணா? மீதி 159-ஐ டைனோ பார்க்கவே இல்லையே.

திருத்தறேன்னு சொல்லி ஊதறது

குளிர்ந்த நாள்ல காத்து அடர்த்தியா இருக்கும், எஞ்சின் அதிகமா இழுக்கும். வெயில்ல குறையும். மலை மேல இன்னும் குறையும். அதனால எங்கே அளந்தாலும் ஒரு பொது நிலைக்கு மாத்திச் சொல்ல 'திருத்தக் காரணி'ன்னு ஒரு பெருக்கல் எண் வெச்சிருக்காங்க. நல்ல எண்ணம்தான். ஆனா அதுலயும் பல கட்சி. எஸ்.ஏ.இ. ஜே1349-ங்கிற இன்றைய தரம் 25 டிகிரி வெப்பத்தை வெச்சுக்கும். 'எஸ்.டி.டி.'ன்னு ஒரு பழைய கணக்கு, இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்த்தியான காத்தை வெச்சுக்கும். ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தா எண் சுமார் 4 சதவீதம் கூட வரும். 500 குதிரைக் காருக்கு 20 குதிரை இலவசம். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட வேணாம், மெனுவுல ஒரு க்ளிக் போதும்.

டர்போவுக்கு வரும்போதுதான் இது உண்மையிலேயே விவகாரம் ஆகுது. அமெரிக்காவுல டென்வர் ஒரு மைல் உயரத்துல இருக்கிற ஊர். அங்கே காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட ஆறுல ஒரு பங்கு குறைவு. எஸ்.ஏ.இ. கணக்குப்படி திருத்தக் காரணி 1.2-க்கு மேல போகும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது நியாயம், ஏன்னா அது சுத்தியிருக்கிற காத்தை மட்டுமே நம்பி வாழுது. ஆனா டர்போ எஞ்சின்ல கம்ப்யூட்டர் மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற மொத்த அழுத்தத்தைக் குறி வெச்சு வேஸ்ட்கேட்டை இயக்கினா, டர்போ இன்னும் கொஞ்சம் வேகமா சுத்தி வெளியே இருக்கிற பற்றாக்குறையைச் சரிக்கட்டிடும். எஞ்சின் அவ்வளவா எதையும் இழக்கலை. இழக்காததுக்கு நஷ்ட ஈடு கொடுத்தா என்ன ஆகும்? டைனோ 400-ன்னு அளந்ததைக் காகிதம் 490-ன்னு அச்சடிக்கும். இதுல யாரும் பொய் சொல்லலை, மென்பொருள் தன் வேலையைத்தான் செஞ்சது. ஆனாலும் அந்தத் தொண்ணூறு குதிரை எங்கேயும் இல்லை.

வேணும்னே ஏமாத்தறதும் உண்டு. டைனோவோட வெப்பமானியை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல வெச்சா, 'ஐயோ பாவம், இவ்வளவு வெயில்ல ஓடுது'ன்னு மென்பொருள் இரக்கப்பட்டு எண்ணை ஏத்திக் கொடுக்கும். இன்டர்கூலர் மேல ஐஸ் மூட்டை வைக்கிறது, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் ரேஸ் பெட்ரோல் ஊத்தறது, தினசரி ஓட்டறப்ப வைக்கவே முடியாத பூஸ்ட்டை வைக்கிறது, எல்லாம் பழைய வித்தைகள். எங்க பொட்டி தட்டுற தொழில்லயும் இது உண்டு. பெஞ்ச்மார்க்குக்கு மட்டும் வேகமா ஓடற மென்பொருள் :-) ஆனா அது கவுந்தா திரை நீலமாகும், அவ்வளவுதான். இங்கே கவுந்தா கனெக்டிங் ராட் பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளியே வரும்.

உண்மையிலேயே 1000 குதிரை வேணும்னா

சக்தி ஏத்தறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. அது அருமையான பொறியியல். ஆனா கணக்குல கை வெச்சா ஏறாது, காத்துல கை வைக்கணும். டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நிமிஷத்துக்கு ஒரு பவுண்ட் காத்துக்கு சுமார் 10 குதிரை. 1000 குதிரைன்னா நிமிஷத்துக்கு 100 பவுண்ட், அதாவது 45 கிலோ காத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூம்ல இருக்கிற மொத்தக் காத்தையும் ஒரு நிமிஷத்துக்குள்ள உறிஞ்சி முடிச்சுடும்.

"நான் 2 பார் பூஸ்ட் ஓட்டறேன்"னு பெருமை பேசறவங்க இங்கேதான் கோட்டை விடறாங்க. பூஸ்ட்ங்கிறது அழுத்தம், காத்தோட அளவு இல்லை. சின்ன டர்போவை மூச்சு முட்ட சுத்த விட்டு 2 பார் எடுத்தா, அது காத்தை விட சூட்டைத்தான் அதிகமா அனுப்பும். வெளியே 27 டிகிரி இருக்கிற காத்தை, 70 சதவீதம் திறமையான டர்போ 1 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினாலே சுமார் 120 டிகிரி ஆயிடும். 2 பார்னா 185-ஐத் தொடும். திறமை குறைஞ்சா இன்னும் மேல. சூடான காத்து லேசான காத்து, அதோட பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கறதுக்கும் (நாக்கிங்னு சொல்வாங்களே, அது) அதுதான் முதல் காரணம். அதனால இன்டர்கூலர், நல்ல எரிபொருள், சரியான இக்னிஷன் டைமிங், இதெல்லாம் முதல்ல. பூஸ்ட் கடைசியில.

டொயோட்டா சுப்ராவோட 2ஜேஸட் எஞ்சினை எடுத்துக்குவோம். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக். ஜப்பான்ல 280 குதிரை, அமெரிக்காவுல வேற டர்போவும் பெரிய இன்ஜெக்டரும் போட்டு 320. 2001-ல 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்த பிறகு, அந்த எஞ்சின் இருந்தா 1000 குதிரை தானா வரும்னு ஒரு மூடநம்பிக்கை பரவிடுச்சு. அமெரிக்க மாடலோட இன்ஜெக்டர் ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 550 சி.சி. தெளிக்கும். ஒரு குதிரைக்கு மணிக்கு 0.6 பவுண்ட் பெட்ரோல், இன்ஜெக்டர் 80 சதவீத நேரம் திறந்திருக்கும்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. சுமார் 420 குதிரையில பெட்ரோல் தீர்ந்துடும். 1000-க்கு சுமார் 1300 சி.சி. இன்ஜெக்டர் வேணும், பம்ப் நிமிஷத்துக்கு 6 லிட்டர் தள்ளணும். 85 சதவீதம் எத்தனால் கலந்த எரிபொருள்னா நாக்கிங் குறையும், ஆனா இன்னும் மூணுல ஒரு பங்கு கூடுதலா ஊத்தணும். ஜப்பான் மாடலோட டர்போவுல இருக்கிற செராமிக் சக்கரம், பூஸ்ட்டை ரொம்ப ஏத்தினா உடைஞ்சு சிதறும். ஆக, பேர் பெத்த எஞ்சினா இருந்தாலும் ஒவ்வொரு கண்ணியையும் மாத்தினாத்தான் சங்கிலி தாங்கும்.

இன்னொண்ணு, எஞ்சினை உடைக்கிறது பெரும்பாலும் குதிரை இல்லை, டார்க். 600 குதிரையை 7500 ஆர்.பி.எம்.ல எடுத்தா டார்க் 420 பவுண்ட்-அடி. அதே 600-ஐ 4500-ல எடுத்தா 700 பவுண்ட்-அடி! ரெண்டு காரும் 600 குதிரைக் கார்தான். ஆனா ரெண்டாவது காரோட பிஸ்டனும் ராடும் படற பாடு அந்த எண்ணுல தெரியவே தெரியாது. சின்ன டர்போவுல சீக்கிரமே பூஸ்ட் ஏத்தி ராடை வளைக்கிறதுக்கும், பெரிய டர்போவுல 5000 வரைக்கும் தூங்கி அப்புறம் மூர்க்கமா எழுந்திருக்கறதுக்கும் காகிதத்து உச்சியில ஒரே எண்தான்.

எத்தனை நொடி?

இது யாருமே கேட்காத கேள்வி. 2005-ல வந்த புகாட்டி வேரான் 1001 மெட்ரிக் குதிரை. 8 லிட்டர், 16 சிலிண்டர், 4 டர்போ. அந்தக் கார்ல பத்து ரேடியேட்டர் இருக்கு. ஏன் பத்து? எரிபொருள்ல இருக்கிற சக்தியில மூணுல ஒரு பங்கு வேலையாச்சுன்னா பெருசு. மீதி எல்லாம் சூடு. வாடிக்கையாளர் ஒருத்தர் பெடலை அமுக்கி வெச்சுக்கிட்டே இருந்தாலும் கார் தாங்கணும், அடுத்த நாள் அவர் மனைவி அதே கார்ல கடைக்குப் போகணும். அதுக்குத்தான் பத்து.

ஷெட்டுல செஞ்ச 1000 குதிரைக் கார் டைனோ மேல பத்து நொடி, பன்னிரண்டு நொடி ஓடும். முன்னாடி ஒரு ஃபேன். அந்த நொடிகளுக்கு அது உண்மையிலேயே 1000 குதிரையா இருக்கலாம். ஆனா நெடுஞ்சாலையில முப்பது நொடி அதே சக்தி வருமா, வந்த பிறகு எஞ்சின் எஞ்சினாவே இருக்குமா? அது பத்திக் காகிதம் வாயைத் திறக்காது.

இவ்வளவு ஏன் அலட்டிக்கணும்?

ஏன்னா, இந்த எண் விளையாட்டுல தோத்துப் போறது நேர்மையான ட்யூனர். ஒருத்தர் ஒழுங்கான டைனோ, ஒழுங்கான திருத்தம், தினசரி பெட்ரோல், தினசரி பூஸ்ட் வெச்சு "உங்க காருக்கு 430"ங்கிறார். பக்கத்துத் தெருக்காரர் அதே காருக்கு 520-ன்னு காகிதம் கொடுக்கிறார். கூட்டம் எங்கே போகும்? காய்கறிக் கடையில எடைக் குறைவா போடற தராசை உடைப்போம். இங்கே கூட்டிக் காட்டற தராசுக்கு மாலை போடறோம். அப்புறம் 430 காட்டினவரும் பொழைக்கணுமே, மெனுவுல அவரும் ஒரு க்ளிக் பண்ணுவார். கொஞ்ச நாள்ல ஊர்ல ஒரு தராசுகூட ஒழுங்கா இருக்காது.

அதோட நிக்கறதில்லை. 520-ன்னு நம்பினவர், அடுத்த டர்போவை அந்தக் கணக்கை வெச்சு வாங்குவார். க்ளட்சை அதை வெச்சு வாங்குவார். "போன தடவை 520 தாங்கிச்சே, இன்னும் கொஞ்சம் ஏத்துவோம்"பார். எண்ணை ஏத்தறதுக்குக் காசு போகும், பிரேக்குக்கும் டயருக்கும் மிஞ்சாது. உச்சி எண் காகிதத்துல வரும், நின்னு போற தூரம் எந்தக் காகிதத்துலயும் வராது. ரோட்டுல அவர் மட்டும் போகலையே.

அப்ப என்னதான் கேட்கலாம்? நம்ம பட்டியல்:

1. எந்த டைனோ? சக்கரத்துல அளந்ததா, கூட்டிச் சொன்னதா?
2. திருத்தத்துக்கு முன்னாடி எண் என்ன? எந்தத் திருத்தம்?
3. எந்த எரிபொருள், எத்தனை பூஸ்ட்? அதே அமைப்புலதான் தினமும் ஓட்டறீங்களா?
4. இதே டைனோவுல நோண்டறதுக்கு முன்னாடி எவ்வளவு? (எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. ஒரே தராசு, ஒரே மாதிரி நாள், ஒரே கியர். அந்த வித்தியாசம் மட்டும்தான் நிஜமான சம்பாத்தியம்.)
5. உச்சி எண்ணை விடுங்க, முழுக் கோட்டையும் காட்டுங்க. 3000-ல என்ன, 5000-ல என்ன?
6. அடுத்தடுத்து மூணு ஓட்டம் எடுத்தா மூணாவதுல எவ்வளவு?

இதெல்லாம் வேணாம்னா இன்னொரு தராசு இருக்கு, அதுல மெனு கிடையாது. கால் மைல் இழுவைப் பந்தயத் தடம். முடியற இடத்துல வண்டியோட வேகத்தை அளப்பாங்க. அந்த வேகத்தையும் எடையையும் வெச்சு சக்தியைச் சொல்ற ஒரு பழைய சூத்திரம் உண்டு: மணிக்கு மைல் கணக்குல வேகத்தை 234-ஆல வகுத்து, அதை மூணு தடவை பெருக்கி, பவுண்ட் எடையால பெருக்கணும். ஆளோட சேர்த்து 3500 பவுண்ட் (சுமார் 1590 கிலோ) கார் 120 மைல் வேகத்துல கோட்டைத் தாண்டினா சுமார் 470 குதிரை. 130-னா 600. அதே எடைக் காருக்கு 800 குதிரை இருக்குன்னு சொல்றவர் 143 மைலை ஒட்டித் தாண்டணும். 120-ல தாண்டிட்டு 800-ன்னு சொன்னா, மீதி 330 குதிரை லாயத்துலயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். இதுவும் துல்லியத் தராசு இல்லைதான், காத்து வீசறதும் உயரமும் இதையும் தொடும். ஆனா யாரும் எழுதிக் கொடுத்த எண்ணை இது நம்பறதில்லை.

கடைசியா ஒரு விஷயம். 1986 ஃபார்முலா 1-ல பி.எம்.டபிள்யூ.வோட டர்போ எஞ்சின் ஓடிச்சு. வெறும் ஒன்றரை லிட்டர், நாலே சிலிண்டர். தகுதிச் சுற்றுக்கு அஞ்சு பாருக்கு மேல பூஸ்ட் வெச்சு, சில சுற்றுக்கு மட்டும் தாங்கற மாதிரி ஓட்டினாங்க. அதே வருஷம் மெக்ஸிகோவுல கெர்ஹார்ட் பெர்கர் அந்த எஞ்சின்ல ஜெயிச்சார். எத்தனை குதிரைன்னு அதை உருவாக்கின பால் ரோஷே கிட்ட கேட்டதுக்கு, 1400 வாக்கில இருக்கும், ஆனா உறுதியா தெரியாது, எங்க டைனோ 1280-க்கு மேல காட்டாதுங்கிற மாதிரி சொன்னதா அந்த விளையாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எஞ்சின் செஞ்ச மனுஷனுக்கே தராசு முடிஞ்ச இடத்துக்கு மேல உறுதியா சொல்ல மனசு வரலை. நம்ம ஆளுங்க மட்டும் சக்கரத்துல 612 அளந்துட்டு, 15 சதவீதம் கூட்டி, 720-ன்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கறாங்க.

612-ன்னே ஒட்டுங்க சாமி. அதுவே பெரிய விஷயம்.

பி.கு: "உன் வண்டி எத்தனை குதிரை?"ன்னு என்னைக் கேட்கப் போறவங்களுக்கு: கம்பெனி என்ன கொடுத்துச்சோ அதேதான், ஒரு குதிரையும் புதுசா வாங்கலை. இருக்கிற குதிரைங்களே டிராஃபிக்ல நின்னு கொட்டாவி விடுதுங்க :-)